போர்ஷே 944 மீட்டெடுப்பு: உட்கார்ந்துபோன என்ஜின் மவுண்ட்டுக்குப் பதில் என்ன போடலாம்?

ஸ்பேனர்14

வணக்கம். வண்டி 1987 மாடல் 944. 2.5 லிட்டர், எட்டு வால்வு, டர்போ இல்லாதது. ஒன்பது வருடம் ஓடாமல் நின்ற வண்டி. துரு வேலை, பிரேக், பெட்ரோல் லைன் எல்லாம் முடித்துவிட்டு இப்போதுதான் என்ஜின் பக்கம் வந்திருக்கிறேன். கேள்வி என்ஜின் மவுண்ட் பற்றி, அதாவது என்ஜினைச் சட்டத்தின் மேல் தாங்கும் ரப்பர் மெத்தைகள்.

ஐடிலிங்கில், அதாவது நின்றபடி என்ஜின் சும்மா ஓடும்போது, ஸ்டீயரிங் கைக்குள் கூசுகிறது. கியர் லிவரின் தலை தானாக ஒரு சின்ன வட்டம் போடுகிறது. உள் கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டியின் ஒரு விளக்கு இரண்டாகத் தெரிகிறது. 1500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1500 சுற்று) தாண்டினால் பெருமளவு அடங்கிவிடும். அப்புறம் 3500 பக்கத்தில் டேஷ்போர்டு முழுக்க ஒரு ரீங்காரம். அதுவும் இதன் தொடர்ச்சிதான் என்று நினைக்கிறேன்.

கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எக்ஸாஸ்ட் பக்கத்து மவுண்ட்டில் மேல் கிண்ணமும் கீழ்க் கிண்ணமும் ஏறக்குறைய முட்டிக்கொண்டிருக்கின்றன. மறுபக்கம் இன்னும் விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறது. முட்டிய பக்கத்தில் ரப்பரைச் சுற்றி பழுப்பாக ஏதோ வழிந்து காய்ந்த தடம்.

கையில் மூன்று வழி. ஒன்று, பழையபடி திரவம் நிரப்பிய மவுண்ட். இரண்டு, திரவம் இல்லாத வெறும் ரப்பர். மூன்று, ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரிதேன், சுருக்கமாகப் பாலி. எப்படியும் எல்லாவற்றையும் கழற்றத்தான் போகிறேன், ஒரேயடியாகத் தரம் உயர்த்திவிடலாமே என்று பாலி பக்கம் மனசு சாய்கிறது. ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்கிறார்கள். போட்டவர்கள் சொல்லுங்கள்.


ட்ராக்நாள்

போட்டவன் சொல்கிறேன்: போடுங்கள். நான்கு வருடமாக என் 944இல் பாலிதான். என்ஜின் இம்மிகூட அசையாது. ஆக்சிலரேட்டரை விட்டு மிதித்தால் அந்தத் தொளதொளப்பு இல்லை. உள் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, உண்மைதான். நான் அதைப் பார்ப்பதும் இல்லை.


பழையஇரும்பு

ட்ராக்நாள் தம்பி பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர், அவருக்கு அது சரி. ஆனால் ஸ்பேனர்14, நீங்கள் மவுண்ட் வாங்குவதற்கு முன்னால் இந்த வண்டியில் அதற்கு என்ன வேலை என்று பாருங்கள். மற்ற வண்டிகளில் இருக்கிற வேலை இதில் இல்லை.

சாதாரணமாக முன்னால் என்ஜின், அதன் முதுகிலேயே கியர்பாக்ஸ், அங்கிருந்து பின்னச்சுக்கு (பின் ஆக்சிலுக்கு) முறுக்கைக் கொண்டுபோகும் திறந்த புரொபெல்லர் ஷாஃப்ட். அப்படிப்பட்ட வண்டியில் முதல் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஷாஃப்ட் ஒரு பக்கம் முறுக்கும், அதற்கு எதிராக என்ஜின் மறுபக்கம் சாயப் பார்க்கும். அந்த முறுக்கு என்ஜின் கொடுப்பதைப் போல மூன்று, மூன்றரை மடங்கு, கியர் பெருக்கிக் கொடுப்பதால். அதைத் தாங்குவது இரண்டு பக்க மவுண்ட்டும்தான். அங்கே மவுண்ட் தளர்ந்தால் என்ஜின் குதிக்கும்.

944இல் கியர்பாக்ஸ் பின்னச்சோடு இருக்கிறது. என்ஜினையும் அதையும் ஒரு தடித்த குழாய் இறுக்கிப் பிணைத்திருக்கிறது, அதுதான் டார்க் டியூப். ஷாஃப்ட் அந்தக் குழாய்க்குள்ளேயே சுழல்கிறது. ஷாஃப்ட் ஒரு பக்கம் முறுக்கினால் அதே அளவு எதிர்முறுக்கைக் குழாயே வாங்கிக்கொள்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். என்ஜினைப் பக்கவாட்டில் சாய்க்க வெளியே மிச்சம் ஒன்றும் வராது.

மிச்சம் வருவது வேறு வழியில். பின் சக்கரம் முன்னோக்கி உருள, மொத்தக் கூட்டும் பின்னோக்கிச் சுழலப் பார்க்கும், அதாவது என்ஜினின் மூக்கு மேலே எழும். உத்தேசக் கணக்கு: என்ஜினின் முறுக்கு 205 நியூட்டன் மீட்டர், முதல் கியர் அதைப் பெருக்குவது 3.6 மடங்கு, பின்னச்சு 3.889 மடங்கு. பெருக்கினால் சுமார் 2870. முன் மவுண்ட்டுக்கும் பின் மவுண்ட்டுக்கும் நடுவே இரண்டு மீட்டருக்கு மேல். வகுத்தால் 130 கிலோ எடைக்குச் சமமான தூக்கல், மவுண்ட் ஒன்றுக்கு 65 கிலோ. அதுவும் முதல் கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால் மட்டும். இதே என்ஜின் திறந்த ஷாஃப்ட் வண்டியில் அரை மீட்டர் இடைவெளி மவுண்ட் மேல் இருந்தால் ஒரு பக்கம் 150 கிலோ அமுக்கும், மறுபக்கம் 150 கிலோ தூக்கும்.

இந்த வண்டியில் மவுண்ட்டுக்கு முக்கிய வேலை எடையைச் சுமப்பதும் அதிர்வை விழுங்குவதும்தான். அதைக் கல்லாக்கி என்ன பிடித்து நிறுத்தப் போகிறீர்கள்?

இன்னொன்று. கிண்ணம் இரண்டும் முட்டிவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் இப்போது ஓட்டிக்கொண்டிருப்பதே ஒரு இலவச இரும்பு மவுண்ட். அதன் சுகம் பிடித்திருக்கிறதா?


ட்ராக்நாள்

> அதைக் கல்லாக்கி என்ன பிடித்து நிறுத்தப் போகிறீர்கள்?

அண்ணே, கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வளைவில் என்ஜினின் எடை பக்கவாட்டில் ஆடுவது கணக்கில் வரவில்லையே. தடத்தில் அது தெரியும். மாற்றிய அன்றைக்கே எனக்குத் தெரிந்தது.


பழையஇரும்பு

மாற்றுவதற்கு முன் இருந்தது உட்கார்ந்த மவுண்ட்தானே தம்பி? அப்போது புதிதாக எதைப் போட்டிருந்தாலும் வித்தியாசம் தெரிந்திருக்கும். சரி, தடத்துக்கு நான் தடை சொல்லவில்லை.


ரப்பர்மணம்

நான் கார்க்காரன் இல்லை, அதிர்வு தாங்கும் ரப்பர் வார்க்கும் வேலை. என் வண்டி வேறு, ஆனால் இந்தக் கேள்வி என் பிழைப்பு.

இந்த என்ஜினின் ஐடிலிங் 840 ஆர்பிஎம் சொச்சம். நொடிக்கு 14 சுற்று. நான்கு சிலிண்டர் என்பதால் சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, ஆக நொடிக்கு 28 அடி. மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கும் என்ஜினுக்கும் ஊஞ்சல் போலச் சொந்தமாக ஒரு ஆட்ட வேகம் உண்டு. 28ஐ 1.41ஆல் (இரண்டின் வர்க்கமூலம்) வகுத்தால் 20. என்ஜினின் சொந்த ஆட்டம் அந்த 20க்குக் கீழே இருந்தால்தான் மவுண்ட் அதிர்வைக் குறைக்கும். மேலே போனால் மவுண்ட்டே அதிர்வைக் கூட்டி பாடிக்கு அனுப்பும்.

சொந்த ஆட்டம் எவ்வளவு என்பதை, எடை ஏறும்போது மவுண்ட் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்பதை வைத்தே சொல்லிவிடலாம். 3 மி.மீ. அமுங்கினால் நொடிக்கு 9. அடியில் எட்டில் ஒரு பங்குதான் பாடிக்குப் போகும். 1 மி.மீ. என்றால் 16, பாதி போகும். அரை மி.மீ. மட்டுமே அமுங்குகிற கெட்டி மவுண்ட்டில் 22. அப்போது ஒன்றுக்கு ஒன்றே முக்காலாக ஏறிப் போகும். பொருள் தானே ஆட்டத்தை அடக்கும் தணிப்பை விட்டுவிட்டுச் சொல்கிறேன், அதனால் நிஜத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கும். போக்கு இதுதான். ட்ராக்நாள் கண்ணாடியில் ஒன்றும் தெரியாததற்கும், வேகம் எடுத்தால் அவருக்குத் தொல்லை இல்லாததற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 அடி, அங்கே 22 என்பதுகூட மெத்தைதான்.

திரவ மவுண்ட் எதற்கு என்றால், ரப்பரை மென்மையாக்கினால் ஐடிலிங் அமைதியாகிவிடும், ஆனால் மேடு பள்ளத்தில் என்ஜின் துள்ளும். அதனால் உள்ளே இரண்டு அறை வைத்து கிளைக்கால் கலவையை (ரேடியேட்டர் கூலன்ட் மாதிரி) நிரப்பி, நடுவே ஒரு குறுகிய சுற்றுப்பாதை விடுகிறார்கள். பெரிய அசைவு வந்தால் திரவம் அந்தப் பாதை வழியே திணறிப் போக வேண்டும், துள்ளல் அடங்கும். சின்ன அதிர்வுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய தகடு மட்டும் லேசாக ஆடிக் கொடுக்கும், திரவம் பாதைக்குள் போகவே போகாது. ரப்பர் விரிசல் விட்டுத் திரவம் வெளியேறினால் மீதி இருப்பது மென்மையான ரப்பர் மட்டும். அது தனியாக எடையைச் சுமக்கப் பிறந்ததில்லை. உட்கார்ந்துவிடும். அந்தப் பழுப்புத் தடம் அதுதான்.


எம்ஜிபிவாசி

நடுவில் புகுந்து கேட்கிறேன். என்னுடையது எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1798 சிசி. இதில் கியர்பாக்ஸ் என்ஜினோடுதான். அப்படியானால் எனக்குக் கெட்டி மவுண்ட் சரியா?


பழையஇரும்பு

உங்களுக்கு முறுக்கு முழுசாக மவுண்ட்டில்தான் இறங்கும். அதனால் தளர்ந்த மவுண்ட்டை ஒரு நாள்கூட விட்டுவைக்காதீர்கள். விசிறி என்ஜினிலேயே மாட்டிய வண்டி என்றால் என்ஜின் முன்னுக்கு வந்து விசிறி ரேடியேட்டரைக் கடித்த கதைகள் உண்டு. ஆனாலும் தெருவில் ஓட்ட நல்ல புது ரப்பர் போதும். கியர்பாக்ஸுக்குக் கீழே உள்ளதையும் சேர்த்து மாற்றுங்கள். முன்னால் புதுசு, பின்னால் கிழடு என்று விட்டால் புதுசும் சீக்கிரம் கிழடாகும்.


ஸ்பேனர்14

ரப்பர்மணம் சார், பாலி ஆசை போய்விட்டது. இப்போது வேறு சந்தேகம். ஒருவரிடம் உறை பிரிக்காத அசல் மவுண்ட் ஒரு ஜோடி இருக்கிறது. இருபது வருடமாகப் பெட்டியிலேயே இருந்ததாம். வேறு இடத்தில் மலிவாகப் புது நகல் கிடைக்கிறது, அதுவும் திரவ மவுண்ட் என்றுதான் எழுதியிருக்கிறது. எது?


ரப்பர்மணம்

பெட்டிக்குள்ளும் ரப்பருக்கு வயதாகும் தம்பி. காற்றும் ஓசோனும் போதும், ஓட வேண்டியதே இல்லை. இருபது வருட மவுண்ட்டைக் கையில் எடுத்தால் ரப்பரும் இரும்பும் ஒட்டும் ஓரத்தைக் கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். விரிசல் தெரியாவிட்டாலும் நான் வாங்க மாட்டேன்.

நகலுக்கு ஒரு சோதனை: காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டாம், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். முழுக்க நிரப்பிய மவுண்ட் சத்தமே போடாது. எடை போட்டுப் பாருங்கள். அசலோடு ஒப்பிட உயரத்தை அளந்து பாருங்கள். எழுத்து என்னவாக இருந்தாலும் சில நகல்களில் உள்ளே வெறும் கெட்டி ரப்பர்தான். நானே ஒன்றை அறுத்துப் பார்த்திருக்கிறேன், யார் தயாரிப்பு என்பது இங்கே வேண்டாம். உயரம் கூடுதலாக இருந்தால் என்ஜின் மேலே உட்காரும், அப்புறம் டார்க் டியூபும் கோணம் மாறும்.

அண்மையில் தயாரான, திரவம் நிரப்பிய, தேதி பொறித்த ஜோடி. அதுதான் என் பதில். வெறும் ரப்பர் இரண்டாவது. அதில் தவறில்லை, கொஞ்சம் கூடுதல் நடுக்கம், நீண்ட ஆயுள்.


பழையஇரும்பு

ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிடாதீர்கள், இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

வேலைக்கு வருவோம். பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். என்ஜினை மேலேயிருந்து குறுக்குச் சட்டம் போட்டுத் தொங்கவிடுவதுதான் என் விருப்பம். கீழேயிருந்து ஜாக் கொடுத்தால் ஆயில் பான் அலுமினியம் என்பதை மறக்காதீர்கள். அகலமான மரக்கட்டை இல்லாமல் ஜாக்கின் தலை படக்கூடாது. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தூக்கினால் போதும். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் நிறுத்தி மேலே போய்ப் பாருங்கள். பெல் ஹவுசிங்குக்கு (என்ஜினின் பின்னால் கிளட்சை மூடும் கூடு) மேலே கிராங்க் வேகத்தையும் நிலையையும் படிக்கிற இரண்டு சென்சார் இருக்கின்றன, அவை ஃபயர்வாலில் (என்ஜின் அறையின் பின்சுவர்) நசுங்கினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. ரேடியேட்டர் ஹோஸ், ஸ்டீயரிங் ஷாஃப்ட்டின் மூட்டு, இவற்றின் மேலும் ஒரு கண்.

எக்ஸாஸ்ட் பக்கத்து மவுண்ட் முதலில் சாவதற்குக் காரணம் சூடு. அதற்கும் குழாய்க்கும் நடுவே தகட்டு மறைப்பு இருக்கிறதா பாருங்கள். முன்பு வேலை பார்த்த பலர் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மாட்டாமலே போயிருப்பார்கள். அது இல்லாமல் எந்த மவுண்ட் போட்டாலும் காசு கரிதான். டர்போ வண்டி வைத்திருப்பவர்களுக்கு மறுபக்கமும் சூடு உண்டு.

கடைசியாக ஒன்று, மீட்டெடுப்பு என்பதால் சொல்கிறேன். மவுண்ட்டை மட்டும் மாற்ற கிராஸ்மெம்பரை (என்ஜினுக்கு அடியில் குறுக்கே ஓடும் தாங்கு இரும்பு) இறக்க வேண்டியதில்லை. ஆனால் இறக்கினால் ஆயில் பான் காஸ்கெட் கைக்கு வரும், பிஸ்டன் தண்டு கிராங்க்கைப் பிடிக்கும் இடத்து கனெக்டிங் ராட் பேரிங் கைக்கு வரும். இந்த என்ஜினில் சீக்கிரம் தேய்வதில் இரண்டாம் சிலிண்டர் பேரிங்தான் பெயர் வாங்கியது. ஒன்பது வருடம் நின்ற வண்டியில் நானாக இருந்தால் பார்க்காமல் மூட மாட்டேன்.


ஸ்பேனர்14

மூன்று வாரம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

கிராஸ்மெம்பரை இறக்கினேன். ராட் பேரிங்கில் இரண்டாவதில் மட்டும் மேல் பூச்சு தேய்ந்து அடியில் செம்பு நிறம் எட்டிப் பார்த்தது. எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். அண்ணனுக்கு நன்றி. பார்க்காமல் விட்டிருந்தால் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

தகட்டு மறைப்பு இல்லை. அதன் போல்ட் ஓட்டை மட்டும் இருந்தது. ஒன்று தேடிப் பிடித்து மாட்டினேன்.

மவுண்ட் புது ஜோடி, திரவம் நிரப்பியது. பழைய ஜோடியைப் பக்கத்தில் நிறுத்தினால், அதில் எக்ஸாஸ்ட் பக்கத்தது இரண்டு விரல்கடைக்குப் பக்கமாகக் குட்டையாக இருந்தது. ஆர்வம் தாங்காமல் அதை வைஸில் பிடித்து ஹேக்ஸாவால் அறுத்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. அறைச்சுவரில் ஜாடி அடியில் சர்க்கரைப் பாகு காய்ந்தது போல ஒரு பழுப்புப் படலம். ரப்பர் உள்பக்கமாகக் கிழிந்து நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே பார்த்தால் இந்தக் கிழிசல் தெரிந்தே இருக்காது.

ஐடிலிங் இப்போது வேறு வண்டி. கியர் லிவர் நிற்கிறது. ஆனால் 3500இல் அந்த ரீங்காரம் அப்படியே இருக்கிறது. கொஞ்சம்கூடக் குறையவில்லை. மவுண்ட்டைத் தப்பாகப் பூட்டிவிட்டேனா?


ரப்பர்மணம்

மவுண்ட் கெட்டால் தொல்லை கீழ் வேகத்தில் தெரியும். மேலே போகப் போக வளர்கிறது என்றால் அது வேறு ஆள். மேலும் கீழும் உதறுகிற விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 840இல் ஒரு பங்கு என்றால் 3500இல் 17 பங்கு.


பழையஇரும்பு

பாலன்ஸ் ஷாஃப்ட்.

நான்கு சிலிண்டர் வரிசை என்ஜின், அதுவும் 2.5 லிட்டர், 100 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்). இவ்வளவு பெரிய பிஸ்டன்கள் கிராங்க் சுற்றும் வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓர் உதறலைக் கொடுக்கும். அதைக் கொல்லத்தான் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஷாஃப்ட் எதிரெதிராக, இரட்டை வேகத்தில் சுழல்கின்றன. பிரிட்டிஷ் பொறியாளர் லான்செஸ்டர் கண்டுபிடித்த யோசனை, 1970களில் மிட்சுபிஷி மெருகேற்றியது, போர்ஷே அவர்களிடம் உரிமம் வாங்கித்தான் 944இல் வைத்தது. இரண்டு பக்கமும் பல் உள்ள பெல்ட் அதற்காகத்தான், ஒரு ஷாஃப்ட்டைப் பெல்ட்டின் முதுகு சுற்றுகிறது.

பெல்ட்டை மாற்றியவர் ஒரு பல் தள்ளிப் போட்டிருந்தால், அல்லது ஷாஃப்ட்டின் பல்சக்கரத்தில் தப்பான சாவிக்குழியில் (ஷாஃப்ட்டோடு பூட்டும் பள்ளம்) மாட்டியிருந்தால் (அதில் இரண்டு குழி உண்டு), உதறலைக் கொல்ல வேண்டியது உதறலோடு கூட்டுச் சேரும். முன் மூடியைக் கழற்றி, முதல் சிலிண்டரை மேல் நிலைக்குக் கொண்டுவந்து குறிகளைப் பாருங்கள். கையோடு வால்வுகளை இயக்குகிற டைமிங் பெல்ட்டையும் பாருங்கள். அது அறுந்தால் வால்வு வளையும், இந்த என்ஜினில் மன்னிப்பு கிடையாது.


ட்ராக்நாள்

சத்தியமாக என் வண்டியில் நான்கு வருடமாக அதே 3500 ரீங்காரம் உண்டு. பாலி போட்டதால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வார இறுதியில் மூடியைக் கழற்றுகிறேன்.


ஸ்பேனர்14

இரண்டில் மேலே இருக்கிற பாலன்ஸ் ஷாஃப்ட் ஒரு பல் தள்ளியிருந்தது. நான்கு மணி நேர வேலை, அதில் மூன்று மணி நேரம் பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிபார்ப்பதில் போனது. இறுக்கம் கூடினால் ஊளையிடும் என்று பயம்.

ரீங்காரம் போய்விட்டது. 5000 வரை கொண்டுபோனேன். உள் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியின் நம்பர் பிளேட்டைத் திருப்பிப் போட்டுப் படித்துக்கொண்டே வந்தேன்.


பழையஇரும்பு

நல்லது. 500 கிலோமீட்டர் ஓடியதும் மவுண்ட் நட்டுகளில் மறுபடி ஸ்பேனர் வையுங்கள். புது ரப்பர் கொஞ்சம் அமரும். முதலில் இறுக்கியபோது என்ஜினின் எடை முழுதாக மவுண்ட் மேல் இறங்கியிருந்ததா, இல்லை ஜாக் மேலேயே இருந்ததா?


ஸ்பேனர்14

எக்ஸாஸ்ட் பக்கத்தை ஜாக் மேலேயே இறுக்கிவிட்டேன் அண்ணே. நாளைக்குத் தளர்த்தி, என்ஜினை ஒரு தடவை ஓடவிட்டு, திரும்ப இறுக்குகிறேன்.


ட்ராக்நாள்

என்னுடையதில் இரண்டு பல்.